ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளில் பெடல் ஏன் தரையில் இடிக்கிறது?

சாதாரண சைக்கிளில் வேகமாக வந்து தெருமுனையில் திரும்பும்போது நாம் யோசிக்காமலே ஒன்றைச் செய்கிறோம். மிதிப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கக் காலை மேலே வைத்துக்கொள்கிறோம். இடப்பக்கம் திரும்பினால் இடது பெடல் மேலே, வலது பெடல் கீழே. வண்டி சாயும் பக்கத்தில் பெடல் மேலே இருப்பதால் தரையில் உரச எதுவும் இல்லை.

ஃபிக்ஸ்டு கியரில் இந்த வசதி கிடையாது. சாதாரண வண்டியின் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்), மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல் இருக்கும் இடத்தில், இதில் ஹப்போடு இறுகப் பிணைந்த பல்சக்கரம் இருக்கும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடே சுற்றுமே, அதேபோல இங்கேயும் சக்கரம் ஓடும்வரை செயின், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), கால் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் சும்மா உட்கார்ந்து வர முடியாது. திருப்பத்தில் ஒரு காலை மேலே நிறுத்தி வைக்கவும் முடியாது.

ஆகவே, சாய்ந்த பக்கத்துப் பெடல் திருப்பத்தின் நடுவே கீழே வந்தே தீரும். அப்போது அது தரையைத் தொட்டால் என்ன ஆகும்? ஃப்ரீவீல் வண்டியென்றால் கால் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் பெடலில் ஒரு கீறலோடு தப்பலாம். ஃபிக்ஸ்டில் பின்சக்கரம் பெடலை விடாமல் கீழே தள்ளுகிறது. பெடல் தாருக்குள் இறங்க முடியாது என்பதால் வண்டியின் பின்பாகம் எழும்புகிறது. சாய்ந்து திரும்பும் வேளையில் பின்டயர் தரையைவிட்டுக் கிளம்பினால், அல்லது அதன்மேல் இருந்த எடை ஒரு கணம் குறைந்தாலும், அது வெளிப்பக்கமாக நழுவும். லேசாக உரசினால் ஒரு திடுக்கிடலோடு போகும். பலமாக இடித்தால் கீழே விழ வேண்டியதுதான்.

பழைய ரோடு சைக்கிளை ஃபிக்ஸ்டாக மாற்ற நினைப்பவர்கள் பேச ஆரம்பித்தாலே ஃப்ரேமின் கோணங்களில்தான் போய் நிற்பார்கள்: ஹெட் ஆங்கிள், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் நிமிர்ந்திருக்கும் கோணம், 73 டிகிரியா, 75 டிகிரியா என்று. தெருவில் ஓட்டப்போகும் வண்டிக்கு அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். முதலில் பார்க்க வேண்டியது, பெடல் தரையில் இடிக்காமல் வண்டி எத்தனை டிகிரி சாயும் என்பது. அதைக் கண்டுபிடிக்க ஒரு டேப்பும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

பிபி உயரம்

கிராங்க் அச்சு சுழலும் குழலைப் பாட்டம் பிராக்கெட் என்பார்கள். கடைகளில் சுருக்கமாக பிபி. தரையிலிருந்து அதன் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பிபி உயரம். ஃப்ரேம் செய்பவர்கள் இதை நேராகக் குறிப்பிடுவதில்லை. டயர் மாறினால் உயரமும் மாறிவிடும் என்பதால், இரண்டு சக்கர அச்சுகளையும் சேர்க்கும் கோட்டுக்குக் கீழே பிபி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று சொல்வார்கள். இதற்குப் பெயர் பிபி டிராப். சக்கரத்தின் ஆரத்திலிருந்து (டயரையும் சேர்த்துத்தான்) டிராப்பைக் கழித்தால் பிபி உயரம் வந்துவிடும்.

ரோடு சைக்கிள்களில் வழக்கமான 700சி என்ற அளவுச் சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ.; ஆரம் 311. அதில் 25 மி.மீ. டயர் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 336. ரோடு ஃப்ரேம்களில் டிராப் பொதுவாக 70 மி.மீ.யை ஒட்டி இருக்கும்; 75 வரை போவதும் உண்டு. 70 என்று வைத்துக்கொண்டால் பிபி உயரம் 266 மி.மீ. பந்தயத் தளத்துக்கென்றே செய்த டிராக் ஃப்ரேம்களில் டிராப் 50 முதல் 60 வரைதான். 55 டிராப், 23 மி.மீ. டயர் என்று எடுத்தால் உயரம் 279. வித்தியாசம் 13 மி.மீ., ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 13 மி.மீ.யைச் சுற்றித்தான் ஓடப்போகிறது.

டிராக் ஃப்ரேமில் பிபியை உயர்த்தி வைத்தது தெருத் திருப்பங்களுக்காக அல்ல. டிராக் சைக்கிள் ஓடும் இடம் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தளம். 250 மீட்டர் மரத்தளங்களில் வளைவுப் பகுதி 42 டிகிரி, அதற்கு மேலும்கூட சாய்ந்திருக்கும். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி இந்திரா காந்தி அரங்க வளாகத்தில் கட்டியதும் இந்த வகைத் தளம்தான். வேகமாகப் போகும்போது வண்டியும் தளத்தோடு சேர்ந்து சாயும், தளத்துக்கும் வண்டிக்கும் ஏறக்குறைய செங்கோணம் இருக்கும், பிரச்சினையே இல்லை. மெதுவாகப் போனால்தான் சிக்கல். வண்டி நிமிர்ந்துவிடும், தளமோ சாய்ந்தே இருக்கும். மேட்டுப் பக்கத்துப் பெடல் தளத்தை நெருங்கும். வெலோட்ரோமில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் அது எப்போதும் வலது பெடல். பந்தயத்தில் ஒருவரையொருவர் நோட்டமிட்டபடி நத்தை வேகத்தில் ஊர்வதும் உண்டு என்பதால் பெடலுக்கு அந்த இடைவெளி அவசியம். தெருவில் வேகமாகப் போனால் ஆபத்து, டிராக்கில் மெதுவாகப் போனால் ஆபத்து. உயர்ந்த பிபி இரண்டுக்கும் உதவுகிறது.

எத்தனை டிகிரி சாயலாம்?

வண்டியைப் பின்னாலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் அடிமட்டத்தில் இருக்கிறது. அதன் வெளிமூலையின் கீழ்விளிம்புதான் முதலில் தரையைத் தொடப்போகும் புள்ளி. அந்தப் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற இரண்டு அளவு கிடைத்தால் போதும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். டயர் உருண்டையாக இருப்பதால் உண்மையான கோணம் இதைவிடக் கொஞ்சம் கூடும். அரை டிகிரிக்குள் அடங்கும் அந்தத் திருத்தத்தை விட்டுவிடலாம்.

மேலே சொன்ன ரோடு ஃப்ரேமையே எடுத்துக்கொள்வோம். பிபி உயரம் 266. கிராங்க் 170 மி.மீ. பெடல் அச்சுக்கும் பெடலின் கீழ்விளிம்புக்கும் இடையே 15 மி.மீ. கழித்தால் மிஞ்சும் உயரம் 81. வெளிமூலை நடுக்கோட்டிலிருந்து 165 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், கோணம் 26 டிகிரி. டிராக் வண்டியில் பிபி 279, கிராங்க் 165, மிஞ்சுவது 99. கிராங்குகள் சற்று நெருக்கமாக இருக்கும், தூரம் 160 என்று கொள்ளலாம். கோணம் ஏறக்குறைய 32 டிகிரி. மறுபக்கம், 75 டிராப் உள்ள ஃப்ரேமில் 23 மி.மீ. டயர், 172.5 கிராங்க், பிஎம்எக்ஸ் வண்டிக்கு வரும் அகலமான பெடல் (தூரம் 180) எல்லாம் சேர்ந்தால் 22 டிகிரிக்குக் கீழே போய்விடும்.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் சைக்கிளுக்கென்று ஒரு பகுதி உண்டு. பெடல் கீழே இருக்கும் நிலையில் வண்டியை 25 டிகிரி சாய்த்தாலும் டயரைத் தவிர எதுவும் தரையைத் தொடக்கூடாது என்கிறது அது. பிரேக்கும் ஃப்ரீவீலும் இல்லாத பந்தய டிராக் வண்டிகளுக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு. கவனிக்க வேண்டியது: அந்த 25 டிகிரி என்பது, திருப்பத்தில் காலை மேலே நிறுத்திவைக்க முடிந்த வண்டிகளுக்கான அளவு. எந்நேரமும் மிதித்துக்கொண்டே திரும்பும் வண்டிக்கு அதையே போதுமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாதாரணமாகத் திரும்பும்போது வண்டி எவ்வளவு சாயும்? அதை முடிவு செய்வது வேகமும் வளைவின் ஆரமும். வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் மறுபடியும் ஒரு டேன்ஜென்ட் கிடைக்கும். ஆரம் 7 மீட்டர் உள்ள ஒரு தெருமுனைத் திருப்பம். 15 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி 14 டிகிரி சாயும். 20 கி.மீ. என்றால் 24 டிகிரி. 25 கி.மீ. என்றால் 35 டிகிரி! வேகம் வர்க்கத்தில் ஏறுவதால்தான் இந்தப் பாய்ச்சல். 26 டிகிரி தாங்கும் நம் ரோடு ஃப்ரேமுக்கு 20 கி.மீ.யில் 2 டிகிரி மிச்சம். இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகம் கூடினால் அதுவும் காலி.

“பெடல் கீழே வரும் அந்தக் கணம் திருப்பத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளலாமே” என்று சிலர் சொல்வார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னே 46 பல், பின்னே 18 பல் என்ற அளவான கியரில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் நகரும். 7 மீட்டர் ஆரத்தில் செங்கோணமாகத் திரும்பும் பாதையின் நீளம் 11 மீட்டர். அதற்குள் உள்பக்கப் பெடல் இரண்டு முறை கீழே வந்து போகிறது. தப்பிக்க வழியில்லை.

காய்ந்த நல்ல தார்ச்சாலையில் டயர் 35 டிகிரிக்கு மேலும் பிடித்து நிற்கும். ஆக, மாற்றிய வண்டியில் முதலில் தோற்பது டயர் அல்ல, பெடல். மணலோ மழைநீரோ இருந்தால் டயரே முந்திக்கொள்ளும். அப்போது யாரும் அவ்வளவு சாய்க்கவும் மாட்டார்கள்.

குறைந்ததை எப்படிச் சரிசெய்வது?

மாற்றுவதற்கு மக்கள் தேடுவது பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் வந்த ஸ்டீல் ரோடு ஃப்ரேம்கள். அமெரிக்காவில் 70களின் தொடக்கத்தில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோது 10 வேக சைக்கிள்கள் வண்டி வண்டியாக விற்றன. பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இறக்குமதியாயின. முப்பது வருடம் கழித்து நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ கூரியர் இளைஞர்களைப் பார்த்து ஃபிக்ஸ்டு மோகம் பரவியபோது, வீட்டுப் பின்கட்டுகளில் தூங்கிக்கொண்டிருந்த அந்த வண்டிகள்தான் வெளியே வந்தன. அவற்றின் பின் டிராப்-அவுட், அதாவது சக்கர அச்சு உட்காரும் பிளவு, கிடைமட்டமாக நீண்டிருந்தது. செயினை இழுத்து இறுக்க அது தோதாக இருந்தது.

இந்த வண்டிகளில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. அவற்றில் பல 27 அங்குலச் சக்கரத்தோடு வந்தவை. அந்த ரிம்மின் விட்டம் 630 மி.மீ., 700சி-யைவிட 8 மி.மீ. பெரியது. அதில் ஒன்றேகால் அங்குல டயர் போட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட 32 மி.மீ. மொத்த ஆரம் 347. இதைக் கழற்றிவிட்டு, ஃபிக்ஸ்டு என்றாலே மெல்லிய டயர் என்று நினைத்து 700சி ரிம்மில் 23 மி.மீ. டயரை மாட்டினால் ஆரம் 334. ஒரே அடியில் பிபி 13 மி.மீ. கீழே போய்விட்டது. டிராக் ஃப்ரேமுக்கும் ரோடு ஃப்ரேமுக்கும் நாம் பார்த்த வித்தியாசமும் இதே 13தான். கோணத்தில் சொன்னால், 29 டிகிரி இருந்த வண்டி 25.6க்கு வந்துவிடும். ஃப்ரேம் தாழ்ந்தது என்று பழி சுமத்தப்படும் வண்டிகளில் பலவற்றைத் தாழ்த்தியது புதிய சக்கரம்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், தடித்த டயருக்காகச் செய்த அந்த ஃப்ரேமில் இடம் தாராளம். 700சி ரிம்மிலேயே 32 மி.மீ. டயரைப் போடலாம். ரிம்மின் ஆரம் 4 மி.மீ. குறைவதால் பிரேக் கட்டையை அந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பழைய பிரேக்குகள் அதற்கு இடம் கொடுக்கும்.

இப்போது நமது 26 டிகிரி வண்டியைத் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். கிராங்கை 170லிருந்து 165 ஆக்கினால் கோணம் 27.5 ஆகும், ஒன்றரை டிகிரிதான் தேறுகிறது. டயரை 25லிருந்து 32க்கு மாற்றினால் 28. பெடலை மட்டும் மாற்றி, வெளிமூலை 150 மி.மீ.யில் நிற்கும் குறுகலான, தடிமன் குறைந்த பெடலைப் போட்டால் 29! எல்லாரும் முதலில் காசு செலவழிப்பது 165 கிராங்குக்கு. ஆனால் அதிகம் கொடுப்பது பெடல். காரணம், கிராங்கைக் குறைத்தால் உயரம் மட்டும்தான் கூடுகிறது. குறுகலான பெடலில் தூரம் குறைகிறது, அச்சுக்குக் கீழே தொங்கும் அளவும் குறைகிறது. வகுத்தலின் இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாகிறது.

மூன்றையும் சேர்த்துச் செய்தால் உயரம் 96, தூரம் 150, கோணம் 32.6 டிகிரி. ரோடு ஃப்ரேம், டிராக் வண்டியின் அளவை எட்டிவிட்டது. ஃப்ரேமை மாற்றவே இல்லை.

அதற்காக 165 கிராங்க் வீண் என்று சொல்ல வரவில்லை. இறக்கத்தில் கால் நம் விருப்பத்தைக் கேட்காமல் சுற்றும்போது சிறிய வட்டம் நிதானம் தரும். இன்னொரு நன்மை பாதத்தைப் பற்றிப் பேசும்போது வரும். பழைய வண்டிகளில் 3 சங்கிலிச் சக்கரமோ 2 சங்கிலிச் சக்கரமோ போடுவதற்காக நீளமான பிபி அச்சு இருக்கும். ஒற்றைச் சக்கரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. செயின் நேர்கோட்டில் ஓடும்வரை அதைக் குறைக்கலாம். கிராங்குகள் நெருங்கினால் தூரம் குறையும். டிராக் ஹப்புகள், செயின் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 42 மி.மீ.யில் ஓடுவதாக வைத்துச் செய்யப்பட்டவை. முன் சங்கிலிச் சக்கரமும் அதே கோட்டில் வரவேண்டும்.

பெடலில் பாதத்தைப் பிடித்துவைக்கும் கால் கவ்வி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். காலை உள்ளே விட்டிருக்கும்வரை கவ்வி மேலே இருக்கும். சிக்னலில் காலை எடுத்துவிட்டுக் கிளம்பும்போது பெடல் கவிழ்ந்து, கவ்வி அடியில் தொங்கும். நாம் கணக்கிட்ட 15 மி.மீ. அப்போது நான்கைந்து மடங்காகிவிடும். காலை உள்ளே விடாமல் அந்த நிலையில் திரும்பாதீர்கள்.

வேகத்தடை

வெளிநாட்டுக் குறிப்புகளில் இந்த விஷயம் அதிகம் தென்படாது. நம் ஊரில் கட்டாயம் யோசிக்க வேண்டும். முறையாகப் போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடு. அது பெடலுக்கு ஒன்றும் செய்யாது. இரு சக்கரங்களுக்கும் இடையே 1 மீட்டர் என்றால், அந்த வளைவின்மேல் நிற்கும்போது நடுவில் தரை 7 மி.மீ.தான் எழும்பியிருக்கும்.

சிக்கல், குடியிருப்புத் தெருக்களில் அவரவர் கொட்டிவைத்த ஒடுக்கமான மேடுகளில். முன்சக்கரம் தாண்டி இறங்கியிருக்கும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, மேடு நேராக பிபிக்கு அடியில். நம் ரோடு ஃப்ரேமில் பெடலின் அடிவிளிம்பு 81 மி.மீ. உயரத்தில் வருகிறது, மேடு 100. சாதாரண சைக்கிளில் இரு பெடலையும் கிடைமட்டமாக நிறுத்திக்கொண்டு தாண்டிவிடுவோம். ஃபிக்ஸ்டில் முடியாது. நிமிர்ந்து நேராகப் போகும்போதே பெடல் இடிக்கிற இடம் இது ஒன்றுதான். ஊர்ந்து போக வேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத் தாண்டப் பழகிக்கொள்ளலாம்.

பாதமும் முன்சக்கரமும்

தரைக்கு அடுத்தபடியாகப் பெடலுக்கு நெருக்கடி கொடுப்பது முன்டயர். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பாரை நன்றாக ஒடித்தால், முன்னே வந்திருக்கும் காலின் கட்டைவிரல் பக்கம் டயரில் உரசும். ஃப்ரீவீல் வண்டியில் காலை ஒரு நொடி நிறுத்திவைத்தால் தீர்ந்தது. ஃபிக்ஸ்டில் கால் தானாக முன்னே வந்து டயரில் முட்டும். போக்குவரத்து நெரிசலில் யூ-டர்ன் எடுக்கும்போது நடக்கக்கூடியது இது. வேகம் இல்லாததால் பெரிய காயம் ஆகாது. ஆனால் பின்னால் பஸ் வரும் தெருவில் சரிந்து விழுவது சின்ன விஷயம் அல்ல.

இங்கேதான் ஃப்ரேமின் கோணங்கள் உள்ளே வருகின்றன. ஹெட் ஆங்கிள் என்பது முன் போர்க் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. ரோடு ஃப்ரேமில் 72, 73 டிகிரி. டிராக் ஃப்ரேமில் 74, 75. நிமிர்ந்த போர்க் என்றால் ஹேண்டில் படபடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை முடிவு செய்வது கோணம் மட்டுமல்ல. போர்க் முன்னோக்கி வளைந்திருக்கும் அளவும் சேர்ந்து தரும் டிரெயில் என்ற அளவுதான் முக்கியம். ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. 73 டிகிரியில் 45 மி.மீ. வளைவு உள்ள போர்க் தரும் டிரெயில் 56 மி.மீ.; 75 டிகிரியில் 35 மி.மீ. வளைவு தருவது 53. இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. நிமிர்ந்த கோணம் உண்மையில் பறிப்பது வேறொன்றை: பிபியிலிருந்து முன் அச்சு வரையுள்ள தூரத்தை. டிராக் ஃப்ரேமில் முன்சக்கரம் காலுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. வெலோட்ரோமில் யாரும் ஹேண்டிலை ஒடித்துத் திரும்புவதில்லை, அதனால் கவலையில்லை. தெருவுக்கு டிராக் ஃப்ரேமைவிட ரோடு ஃப்ரேம் இந்த வகையில் மேல்.

உங்கள் வண்டியில் பிபி மையத்திலிருந்து முன் அச்சு மையம்வரை அளந்து, சக்கர ஆரத்தைக் கழியுங்கள். 580 என்றால், 336 போக 244. கிராங்க் 170, பெடல் அச்சைத் தாண்டி ஷூ நீள்வது சுமார் 100, கூட்டினால் 270. டயர் காலின் பக்கம் திரும்பும்போது இரண்டும் ஒன்றை ஒன்று தொடும் என்று பொருள். மேலே சொன்ன அமெரிக்க விதி, கால் கவ்வி இல்லாத வண்டிகளில் பெடலுக்கும் முன்டயருக்கும் 89 மி.மீ. இடைவெளி கேட்கிறது. பந்தய பாணி ரோடு ஃப்ரேம்களில், அதுவும் சிறிய அளவு ஃப்ரேம்களில், அது கிடைப்பது கடினம்.

தரைக்காகச் செய்த திருத்தங்கள் இங்கே ஒன்றோடொன்று மோதும். 32 மி.மீ. டயர் பெடலை 7 மி.மீ. உயர்த்தியது, அதே டயர் பாதத்துக்கு 7 மி.மீ. கிட்ட வருகிறது. மழைக்காலத்துக்கு மட்கார்டு போட்டால் இன்னும் நெருக்கம். 165 கிராங்க் தன் மதிப்பைக் காட்டுவது இந்த இடத்தில்தான்: தரைக்கு 5, பாதத்துக்கு 5, இரண்டு பக்கமும் லாபம். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வந்தால் நான் பாதத்தை விட்டுக்கொடுப்பேன். விரல் உரசுவது மெதுவாகப் போகும்போது மட்டும் நடக்கும்; ஓட்டி ஓட்டிப் பழகினால் தவிர்க்கலாம். பெடல் தரையில் இடிப்பது வேகத்தில் நடக்கும்.

பின்சக்கரம் உட்காரும் இடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய ரோடு ஃப்ரேமின் கிடைமட்டப் பிளவு முழுக்கக் கிடைமட்டம் அல்ல. பின்னோக்கிச் சற்று மேலேறி இருக்கும். சக்கரத்தைப் பின்னால் தள்ளத் தள்ள ஃப்ரேமின் பின்பக்கம் தாழும், பிபியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும். செயின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கரம் பிளவின் முன்பாதியில் உட்காரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு 3 மி.மீ. நகரும் என்பதை நினைவில் வைத்தால் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 90களுக்குப் பிறகு வந்த ரோடு ஃப்ரேம்களில் பிளவு பெரும்பாலும் செங்குத்து. செயினை இறுக்க வழியில்லாததால், மையம் விலகிய அச்சுள்ள விசேஷ ஹப் வாங்க வேண்டியிருக்கும். புதியவர்கள் அந்த ஃப்ரேம்களை விட்டுவிடலாம்.

ஹப் டிராக் ஹப்பாகவே இருக்கட்டும். அதில் பல்சக்கரத்தை இறுக்கியபின் எதிர்த்திசை மரையில் ஒரு லாக் ரிங் பூட்டும். ஃப்ரீவீல் மரையுள்ள பழைய ஹப்பில் பல்சக்கரத்தை வெறுமனே முறுக்கிவிட்டு ஓட்டினால், காலால் எதிர்த்து வேகத்தைக் குறைக்கும்போது அது கழன்றுகொள்ளும். முன் பிரேக்கும் கட்டாயம் வேண்டும். திருப்பத்துக்குள் நுழையுமுன் வேகத்தை 25லிருந்து 18க்குக் கொண்டுவருவதற்கு அதைவிட நம்பகமான கருவி இந்த வண்டியில் இல்லை.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

ஃப்ரேம் விற்கும் இடத்துக்கு ஒரு டேப்பும் கைபேசியும் எடுத்துப் போங்கள். சக்கரங்கள் மாட்டியிருந்தால், டயருக்குக் காற்றடித்து வண்டியை நேராக நிறுத்தி, தரையிலிருந்து பிபி மையம்வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பெடலை அடிமட்டத்தில் வைத்து, அது தரையைத் தொடும்வரை வண்டியை அந்தப் பக்கமாக மெதுவாகச் சாய்க்கவும். அந்த நிலையில் சீட் குழாயின் பக்கவாட்டில் கைபேசியை ஒட்டிவைத்தால், மட்டம் பார்க்கும் செயலி கோணத்தைச் சொல்லிவிடும். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கி இன்னொரு 4 மி.மீ. வரை குறையும் என்பதால் ஒரு டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

30க்கு மேல் வந்தால் கவலையே வேண்டாம். 27, 28 என்றால் பெடலை மாற்றினால் போதும். 25க்குக் கீழே என்றால் டயர், பெடல், கிராங்க் மூன்றுக்கும் ஆகும் செலவைக் கூட்டி, அந்தக் காசுக்கு வேறு ஃப்ரேம் கிடைக்குமா என்று பாருங்கள். சக்கரம் இல்லாத வெறும் ஃப்ரேம் என்றால், பின் டிராப்-அவுட்டிலிருந்து முன் போர்க் முனைவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பிபி மையம் நூலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால் டிராப் கிடைத்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பழைய 28 அங்குல ரோட்ஸ்டரை, அதாவது அந்தக்காலக் கனமான சாதாரண சைக்கிளை, மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெடல் உயரத்தைப் பொறுத்தவரை அது மோசமான தேர்வு அல்ல. ரிம் விட்டம் 635 மி.மீ., ஒன்றரை அங்குல டயர், ஆரம் 355ஐ எட்டும். பின் பிளவும் பின்பக்கமாகத் திறந்திருப்பதால் செயின் இறுக்குவது சுலபம். இடைஞ்சல் செய்வது வேறு இரண்டு. அகலமான ரப்பர் பெடலைக் கழற்றியாக வேண்டும். அந்தக் கிராங்கைப் பிபி அச்சோடு பிடித்திருப்பது ஒரு சிறிய காட்டர் பின். ஃபிக்ஸ்டில் கால் முன்னும் பின்னும் மாறி மாறி அழுத்துவதால் அந்தப் பின் சீக்கிரமே தளர்ந்து, கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ‘டக்’ என்று ஆடத் தொடங்கும். அந்த வண்டியில் செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு, காட்டர் பின் இல்லாத கிராங்கும் அதற்கேற்ற பிபி அச்சும்.